ஐம்பத்திரண்டு சதவீதத்தில் அழுதவர்கள்

மின்னூல் பதிப்பாளர் என்று அவன் தன்னைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. சொந்தக்காரர்கள் இன்னும் நம்பவில்லை. அச்சகம் எங்கே, பைண்டிங் எங்கே என்று கேட்டுக்கொண்டே அக்கா வீட்டு மாடியறைக்கு ஏறிவருவார்கள். அங்கே ஒரு கணினியையும் கால் ஆடும் நாற்காலியையும் பார்த்துவிட்டு, துக்கம் விசாரித்தவர்கள் மாதிரி இறங்கிப் போவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சில நாள் காலையில் அவனுக்கே சந்தேகம் வரும்.

பெரிய பதிப்பகங்கள் பதில்கூடப் போடாத பதினாறு பேருடைய முதல் புத்தகத்தை அவன் வெளியிட்டிருக்கிறான். முதல் புத்தகத்தை யாரிடம் வேண்டுமானாலும் நம்பிக் கொடுத்துவிடுவார்கள்; இரண்டாவதையும் எடுத்துக்கொண்டு உன்னிடமே வந்தால்தான் நீ பதிப்பாளர். இது அவனாக வகுத்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டப்படி அவன் இன்னும் பதிப்பாளர் ஆகவில்லை. ஆக்கப்போகிறவர் பல்செட்காரர்.

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் பட்டறை அவருடையது. மாவு அச்சு காயும் நேரமெல்லாம் உட்கார்ந்து, நான்கு வருடத்தில் ஒரு நாவல் எழுதினார். பால் வாங்கப் போன அப்பா காணாமல் போகிறார். மகன் இருபது வருடம் தேடுகிறான். அந்த நாவலை ஊரே பாராட்டுகிறது என்ற சந்தோஷத்தில், அடுத்ததையும் உங்களிடமே தருகிறேன், வியாழக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை வாசிப்பு அறிக்கை வந்தது. மின்னூல் விற்கும் கடை, வாங்கியவர்கள் எதுவரை படித்தார்கள், எங்கே திரும்பிப் போனார்கள் என்று சொல்லிவிடும். யார் என்று மட்டும் சொல்லாது. முந்நூற்று நாற்பது பேரில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் ஐம்பத்திரண்டு சதவீதத்தில் நின்றுபோயிருந்தார்கள். புத்தகத்தைப் பாதியில் மூடுவது உலக வழக்கம்தான், அவனே மூடுவான். ஆனால் ஆளுக்கொரு இடத்தில் அல்லவா மூட வேண்டும்? இங்கே ஒரு பஸ் கூட்டமே ஒரே நிறுத்தத்தில் இறங்கியிருந்தது.

கருத்துகளைப் பார்த்தால் தலை இன்னும் சுற்றியது. கடைசி அத்தியாயத்தில் அழுதுவிட்டேன் என்றார் ஒருவர். அப்பா காணாமல் போன இருபது வருடத்தைச் சொல்லாமலே விட்டது துணிச்சல் என்றார் இன்னொருவர். பாதியில் இறங்கியவர்கள் கடைசி அத்தியாயத்தில் எப்படி அழுதார்கள்?

அறிக்கையே தப்பு என்று முதலில் முடிவு கட்டினான். கடைக்கு எழுதிக் கேட்டான். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. ஐம்பத்திரண்டாவது சதவீதத்தில் ஏதாவது பெரிய அறுவை இருக்குமோ என்று தேடினான். அங்கே நன்றியுரைதான் இருந்தது. நட்டநடுவில் எதற்கு நன்றியுரை என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. மத்தியானம் வரை கட்டம் கட்டமாக ஒரு வரைபடம் போட்டான். பார்க்க அழகாக இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை.

சாப்பிட இறங்கியபோது அக்காவிடம் புலம்பினான். அவளும் அந்த நாவலை ரயிலில் போக வர போனில் படித்தவள்.

"நீ எதுவரைக்கும்க்கா படிச்ச?"

"முழுசாத்தான். பால் வாங்கப் போன மனுஷன் அடுத்த அத்தியாயத்துலயே தலை நரைச்சு வாசல்ல நிக்கிறார் பாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

அடுத்த அத்தியாயத்தில் அவர் வருவதில்லை. இடையில் பதினோரு அத்தியாயங்கள் உண்டு.

அவள் போனை வாங்கிப் புரட்டினான். ஏழாவது முடிந்ததும் பத்தொன்பதாவது வந்தது. இருபத்திரண்டுக்குப் பிறகு நன்றியுரை. கூடவே நட்சத்திரம் போடச் சொல்லிக் கெஞ்சும் பக்கம். அதற்கும் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத கொல்லைப்புறத்தில், எட்டு முதல் பதினெட்டு வரை சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. பல்செட்காரர் தொடக்கத்தையும் முடிவையும் முதலில் அனுப்பியிருந்தார். நடுப்பகுதி இரண்டு வாரம் கழித்து வந்தது. இப்போதைக்குக் கடைசியில் ஒட்டி வைப்போம், பிறகு நகர்த்தலாம் என்று நினைத்தவன் அவன்தான். அத்தியாயங்களுக்கு எண் வேண்டாம், தலைப்பே கௌரவம் என்று சொன்ன அறிவாளியும் அவன்தான்.

"நீ படிக்கலையாடா?"

"படிக்காமலா? ஒவ்வொரு அத்தியாயத்தையும் மூணு மூணு தடவை, கமா வரைக்கும் பார்த்தேன்."

"அதைக் கேக்கலை. முதல் பக்கத்துல ஆரம்பிச்சு, என்னை மாதிரி, கடைசி வரைக்கும்?"

அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். பல்செட்காரருக்குத் தன் எழுத்தைத் திரையில் பார்க்கவே கூச்சம். மின்னூலை அவர் திறந்ததேயில்லை. ஆனால் அந்தத் 'துணிச்சல்' பாராட்டைப் பற்றி அவர் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படி எதையும் விட்டதாகத் தனக்கு ஞாபகமில்லை, பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சிரித்திருந்தார். நான்கு வருடம் எழுதியவர், தன் புத்தகத்தைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போனான். அலமாரி நிறைய மாவுத் தாடைகள் அவனைப் பார்த்து இளித்தன. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். பல்செட்காரர் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ அந்தப் பதினொண்ணையும் யாருமே படிக்கலை?"

"ஒருத்தர் மட்டும் நன்றியுரை தாண்டிப் போயிருக்கார். எல்லாத்தையும் படிச்சிட்டு, திரும்பப் பத்தொன்பதுக்கு வந்து மறுபடியும் முடிவு வரைக்கும் படிச்சிருக்கார்."

"யாரு?"

"அது தெரியாது சார்."

"என் வீட்டுக்காரியா இருக்காது. ரெண்டாவது பக்கத்துலயே தூங்கிடுவா." பல்லை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். "எட்டாவதுல துறைமுகம் வரும். அதை மட்டும் ஒரு வருஷம் எழுதினேன்."

இப்படியே விட்டால் பாராட்டு குறையாது, சரிசெய்தால் என்ன சொல்வார்களோ தெரியாது, முடிவு உங்களுடையது என்றான் அவன்.

"நான் எழுதின மாதிரி வைங்க. பிடிக்கலைன்னா அதுக்குத் திட்டட்டும்."

அடுத்த நாவலைப் பற்றிக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவரே இழுப்பறையைத் திறந்து கட்டுக் காகிதத்தைக் காட்டினார். காட்டிவிட்டு உடனே மூடினார்.

"இதைத் தரணும்னா முதல்ல அதைப் படிங்க. இங்கயே, என் முன்னாடி. ஓரத்துல அந்த ஸ்டூல் இருக்கு."

போனிலேயே வரிசையைச் சரிசெய்துகொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். முதல் ஒரு மணி நேரம் கமா தேடினான். அப்புறம் மறந்துபோனான். ஏழாவது முடிந்து எட்டாவதில் மகன் துறைமுகத்தில் இறங்கி, அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு போகும் ஒருவனைப் பார்த்தபோது, பல்செட்காரர் டீ வேண்டுமா என்று கேட்டார். மறுபடி கேட்டார். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினான்.

பல்செட்காரர் தேய்க்கிற மோட்டாரை அணைத்தார். பிறகு ஓசைப்படாமல் இழுப்பறையைத் திறந்தார்.