அடுப்பில்லாத நாற்பது வீடு

நாற்பது வீட்டில் ஒன்றில்கூட அடுப்பில்லை என்பதை முதலில் கவனித்தவள் பொன்னம்மைதான். மற்றவர்கள் எல்லாரும் திரையில் ஓடிய படத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, படம் அப்படித்தான் இருந்தது. காலனிக்காக இனிமேல் கட்டப்போகிற வீடுகளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டிக் காட்டினார்கள். நாமே உள்ளே நடந்து போகிற மாதிரி கதவு திறக்கிறது, படி ஏறுகிறது, ஜன்னல் வழியே வெயில் விழுகிறது. மழைக்காலம் வந்தால் பிள்ளைகளைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிற ஓடைக்கரை காலனிக்காரர்களுக்கு இதைக் காட்டினால் என்ன ஆகும்? பொன்னம்மையே நாற்காலி நுனிக்கு நகர்ந்துவிட்டாள். அதிலும் படத்தைச் செய்தவள் அவள் மகள் பிரேமா. கம்ப்யூட்டர் சென்டரில் படித்து, ஆர்க்கிடெக்ட் அபிஜித்தின் ஆபீசில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போதும் அந்த ஸ்கூல் ஹாலின் முன்பக்கத்தில் உட்கார்ந்து மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

படத்துக்கு முன்னால் அபிஜித் அரைமணி நேரம் பேசியிருந்தான். வலியசாலை அக்ரஹாரத்துப் பிள்ளை, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். என்றோ யாரோ நட்சத்திர வடிவத்தில் வரைந்த ஊர், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று பிரான்சில் ஒருவர் கண்ட கனவு, தோட்டத்துக்கு நடுவே ஒரே அச்சில் நிற்கும் உயரமான கட்டடங்கள் என்று பழைய கனவு ஊர்களை ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"அவாளுக்கெல்லாம் பேப்பர்தான் இருந்தது. நமக்கு கம்ப்யூட்டர் இருக்கு. ஒரு கல் வைக்கறதுக்கு முன்னாடியே தப்பையெல்லாம் பாத்துத் திருத்திடலாம்" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். பொன்னம்மையும் தட்டினாள்.

இப்போது எழுந்து கேட்டாள்.

"அடுப்பு எங்க சாரே?"

"வீட்டுக்குள்ள கிடையாதும்மா. இதுல விசேஷமே அதுதான். கீழ ஒரு பெரிய பொது அடுக்களை. காஸ் எல்லாம் உண்டு. காலம்பற ஆறு மணிக்குத் திறப்பா, ராத்திரி எட்டுக்குப் பூட்டுவா. முறை வெச்சுண்டு சமைக்கலாம். பெண்கள் இனிமே அடுப்படியில கிடந்து அல்லாட வேண்டாம்."

பொன்னம்மைக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாக அவள் இட்லி விடியும் முன்னே கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்கிறது. முதல் டிரிப் எடுக்கும் டிரைவரும் கண்டக்டரும் அதைத் தின்றுவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார்கள். ஆறு மணிக்கு அடுக்களையைத் திறந்தால் அவள் யாருக்கு அவித்துக் கொடுப்பாள்? புருஷன் போன பிறகு அவளையும் மகளையும் காப்பாற்றியது அந்த ஒரு அடுப்புதான். வீடு வேண்டும், சத்தியமாக வேண்டும். அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு வீட்டைக் கொடுத்தால் உள்ளே உட்கார்ந்து எதைத் தின்பது, சுவரையா?

அதை அப்படியே சொன்னாள். அபிஜித் பொறுமையாகச் சிரித்தான். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேரத்தையெல்லாம் அப்புறம் கமிட்டியில பேசிக்கலாம். மொதல்ல இந்தத் தாள்ல கையெழுத்து, ஒப்பு போடுங்கோ. நாப்பது வீட்டுக்காராளும் போட்டாத்தான் வேலை ஆரம்பிக்கும்."

"சாருக்க வீட்டுல அடுப்பு உண்டா?"

"ஆத்துல இருக்கு. அது பழைய வீடு."

"அதை எத்தனை மணிக்குப் பூட்டுவாவ?"

பின்வரிசையில் பக்கத்து வீட்டு ராஜபாய் களுக்கென்று சிரித்துவிட்டாள். அபிஜித்தின் முகம் சிவந்தது.

"இதோ பாருங்கோ, நான் பாட்டுக்கு வரையலை. கேட்டுத்தான் வரைஞ்சேன். வீட்டுக்குள்ள அடுப்பே இருக்கப்படாதுன்னு உங்க காலனிப் பொண்ணுதான் சொன்னா. தோ இருக்காளே" என்று பிரேமாவைக் காட்டினான்.

பொன்னம்மை நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீயா சொன்ன?"

பிரேமா மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆமா. நான்தான். உனக்க கையைப் பாரு, முட்டு வரைக்கும் தழும்பு. ராத்திரி பூரா இருமுதே. பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கும் நான் மாவாட்டிட்டுத்தான் போனேன். அந்த அடுப்பைக் கண்டாலே எனக்கு வெறுப்பு. கம்ப்யூட்டர்ல ஒரு கிளிக்குல அழிக்க முடிஞ்சுது. அழிச்சேன்."

"எங்கிட்ட கேட்டியா?"

பிரேமா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஏட்டி, ரெண்டு பேரும் ஒரே பாயிலதான கெடக்கோம். இந்தப் பக்கம் திரும்பி, உனக்கு என்ன வேணும்மான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

ஊரான் அழித்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள். இது பெற்ற மகள். அந்த அடுப்பில் வெந்ததைத் தின்று வளர்ந்து, படித்து, அதே படிப்பால் அதை இல்லாமல் ஆக்கியவள்.

"ஒப்பை வாங்கிண்டு வா பிரேமா" என்றான் அபிஜித். பேச்சை முடித்தால் போதும் அவனுக்கு. பிரேமா தாளை எடுத்து நீட்டினாள். பதினேழாவது வரியில் பொன்னம்மையின் பெயர் டைப் அடித்திருந்தது.

"நீயே போடு" என்றாள் பொன்னம்மை. "எனக்கு வேண்டி பேசத் தெரிஞ்சவளுக்கு ஒப்பு போடத் தெரியாதா? போடுட்டி. எல்லாரும் பாக்கட்டும்."

பிரேமா பேனாவைத் திறந்தாள். முனையைத் தாளில் வைத்தாள். அம்மாவின் பெயரை எத்தனையோ முறை ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எழுதிக் கொடுத்தவள்தான். இன்று கை ஓடவில்லை.

பேனாவை மூடிவிட்டு எழுந்தாள். ஆபீசில் பேசுகிற மலையாளத்தில், ஹாலுக்கே கேட்கும்படி அபிஜித்திடம் சொன்னாள்: தான் சொன்னது தன் ஆசை மட்டும்தான், அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, தானும் கேட்கவில்லை.

"மதி பிரேமா, போதும். மெஷினை ஆஃப் பண்ணு."

அவள் ஆஃப் செய்யவில்லை. திரும்பவும் உட்கார்ந்து, வீட்டின் வரைபடத்தைத் திரையில் கொண்டு வந்தாள்.

"எத்தனை அடி வேணும்?" என்றாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

"இதைக் கேக்க உனக்கு ஒரு வருசமா? மூணுக்கு ரெண்டு. கிரைண்டருக்குத் தனியா எடம் வேணும். பொகை போவ ஜன்னல் வேணும்."

திரையில் ஜன்னலை ஒட்டி ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. அபிஜித் மெஷினை அணைக்கப் பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தான். காலனி முழுக்க எழுந்து முன்னால் வந்துவிட்டதில் அவனுக்கு வழி கிடைக்கவில்லை.

"அங்க வைக்காத, தள்ளி வை" என்றாள் பொன்னம்மை, கோபம் ஒரு துளியும் குறையாமல். "அது நீ தலை வச்சுப் படுக்கப்போற எடம்."