கல்லில் கடைசி வரி

1964இல் தியாகதுருகம் சாலையில் ராக்கெட் கார் ஓடியது நாற்பதடி. அதற்கு முன்னால் மேடையில் பேச்சு ஓடியது மூன்று மணி நேரம்.

ஜெர்மனிக்காரன் ராக்கெட் கட்டிக் கார் ஓட்டினான் என்று எதிலோ படித்துவிட்ட சேர்மன் தெய்வசிகாமணி, கள்ளக்குறிச்சி ஜெர்மனிக்கு எந்த விதத்தில் கம்மி என்று மேடைக்கு மேடை கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் வேலை தொடங்கிவிட்டது. எஞ்சின் கழற்றிய பழைய கார் ஒன்று வந்தது. திருவிழாவுக்கு வாணம் விடும் பச்சமுத்து வெடிமருந்து கெட்டிக்க, வெல்டர் அந்தோணிதாஸ் குழாய்களைப் பற்றவைத்தார்.

"இரும்புக் கொழாய் வேணாங்க. காயிதம்னா கிழியும், இரும்புன்னா வெடிக்கும்" என்றார் பச்சமுத்து. காகிதம் சேர்மனுக்குக் கௌரவமாகப் படவில்லை.

"நீயாவது சொல்லு அந்தோணி" என்று பச்சமுத்து வெல்டரிடம் திரும்பினார்.

அந்தோணிதாசுக்கும் அது தெரியும். ஆனால் சேர்மன் வீட்டு வாசலுக்கு இரும்புக் கதவு செய்யும் வேலை கையில் இருந்தது. குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் ஓடிய அன்றைக்குச் சேர்மன் மாலையோடு காரில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். உடனே அவருக்கு வயிறு சரியில்லாமல் போனது. "நீ உக்காருடா பச்சமுத்து, மருந்து உன்னுதுதானே" என்று இறங்கிக்கொண்டார். இரண்டு குழாய்கள் சீறின, ஜனம் கைதட்டியது. மூன்றாவது வெடித்தது.

"உன் புருசன் பேரு கல்லுல நிக்கும்மா" என்று பிணத்தின் முன்னால் சேர்மன் வாக்குக் கொடுத்தார். பச்சமுத்துவின் மனைவி சின்னப்பொண்ணு அதை மட்டும் எடுத்துக்கொண்டு கல்வராயன் மலையிலிருந்த தாய்வீட்டுக்குப் போனாள்.

மறு வருடம் அதே இடத்தில் கல் நட்டார்கள். திறப்பு விழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டு நான்கு நாள் கழித்து இறங்கி வந்தவள், நேராக அந்தோணிதாசைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லின் முன் நின்றாள்.

"அவரு பேரு எங்கன்னு காட்டுங்கண்ணே. எனக்கு எழுத்து தெரியாது."

தலைமை மூன்று பேர், முன்னிலை ஏழு பேர். பந்தல் போட்டவர் பெயர்கூட இருந்தது. அந்தோணிதாஸ் இரண்டு தரம் படித்தார். பச்சமுத்து இல்லை. கடைசி வரியில், கொடிக்கம்பம் நட்டுக்கொடுத்ததற்காக, அந்தோணிதாசின் பெயர் இருந்தது.

அதில் விரலை வைத்தார். "இதாம்மா."

அவள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். "அடியில போட்டுக்கிறாங்க. போவுது. உங்க பேரு எங்கண்ணே?"

"என்னுது போடலம்மா."

"இன்னா ஜனங்க. இரும்பு வேணாம்னு நீங்களும் சேந்து சொன்னீங்களாமே, வூட்டுல வந்து சொன்னாரு. அந்தோணி நம்ம பக்கம்னாரு."

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சூடத்தை எடுத்து, அந்த வரிக்கு நேரே வைத்து ஏற்றினாள். பெட்ரோலில் ஓடும் சேர்மனின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு கடந்தது. சுடர் சாய்ந்தது. அந்தோணிதாஸ் மண்டியிட்டு, அது அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார்.