மனைவி பெயர் என்ற இடத்தில்

தாலியைக் கழற்றிக் கடுகு டப்பாவுக்குள் போட்டேன். என் புருஷன் அசோகன் அப்போது குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார், உயிரோடு, கல்லுக்குண்டு மாதிரி. உள்ளே வந்து என் கழுத்தைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே அடுகோடி ஒர்க் ஷாப்புக்குப் போய்விட்டார். போகட்டும். நான் மட்டும் ஆசைப்பட்டா கழற்றினேன்?

செத்தது அவருடைய அண்ணன் ஜெயவேலு. பஹ்ரைனில், எண்ணெய்க் கம்பெனியில், குழாய் சரிந்து விழுந்து. கோலார் தங்கவயலில் பதினைந்து வருஷம் மிஷின் பார்த்தவர். வேலை கையில் இருந்தது, காகிதத்தில் இல்லை. சுரங்க வேலை போனதும் குடும்பத்தோடு ஆஸ்டின் டவுனில் எங்களோடு வந்து ஒண்டிக்கொண்டார். ஐம்பத்து நாலாம் வருஷம் வெளிநாட்டுக்கு ஆள் எடுத்த ஏஜென்ட் பிட்டர் சர்டிபிகேட் கேட்டான். அது என் புருஷனிடம் இருந்தது. அதில் போட்டோ கிடையாது. கல்யாணத்துக்குச் சட்டை இரவல் கொடுப்பதுபோலத் தம்பி அதை அண்ணனுக்குக் கொடுத்தார். எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அசோகன் என்ற பெயரில் ஜெயவேலு கப்பல் ஏறினார்.

இன்ஷூரன்ஸ் பாரத்தில் மனைவி பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டுப் போனார். முன்ஜாக்கிரதையாம். யார் வந்து விசாரித்தாலும் அசோகன் பெண்டாட்டி ஜானகி என்றுதான் தெருவே சொல்லும், மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நினைத்திருக்கிறார். செத்துப்போனால் என்ன ஆகும் என்று அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை.

கடிதம் எனக்குத்தான் வந்தது. வேலையில் இறந்த அசோகனின் மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் ஆறாயிரம் ரூபாய் நஷ்ட ஈடு. சாட்சிக்குக் குடும்பத்தில் ஒருவர் வர வேண்டும். உண்மையைச் சொன்னால் ஒரு பைசா வராது. ஆள் மாறாட்டம் என்று என் புருஷனையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். அண்ணன் பெண்டாட்டி சின்னத்தாய்க்கு மூன்று பிள்ளைகள். இந்தப் பணம் வராவிட்டால் அதுகள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

முந்தாநாள் அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு நாளு கழட்டி வையி ஜானகி. எம் புள்ளைங்க மூஞ்சியப் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவள் இருந்த இருப்பையும் பார்க்க முடியவில்லை. ஏஜென்ட் ஆபீஸ் ஆள் எந்த நேரத்தில் வீட்டுக்கு வருவானோ என்று, பன்னிரண்டு நாளாகப் பூவும் பொட்டுமாக நடமாடிக்கொண்டிருந்தாள். வாய்விட்டு ஒரு தடவைகூட அழவில்லை.

கண்டோன்மென்டில் இருந்த ஏஜென்ட் ஆபீசுக்கு நான் வெறும் நெற்றியோடு போனேன், அவள் சாட்சியாக, தலை நிறையப் பூவோடு வந்தாள். குமாஸ்தா சீனிவாசராகவன் நல்ல மனுஷர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். இந்தச் சின்ன வயசில் இப்படியா என்று வருத்தப்பட்டார். அந்த அனுதாபத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது. சாட்சியின் புருஷன் பெயர் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயவேலு என்று நான்தான் சொன்னேன். என்ன வேலை என்றார். அடுகோடியில் ஒர்க் ஷாப் என்றேன். எழுதிக்கொண்டார்.

கையெழுத்துக்கு முன்னால் இறந்தவருடைய சாமான்கள் என்று ஒரு துணி மூட்டையைப் பிரித்து என் மடியில் வைத்தார். மேலாக ஒரு காக்கிச் சட்டை. ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம், சின்னத்தாய் தைத்துக் கொடுத்தது. அவள் அதை என் மடியிலிருந்து அப்படியே அள்ளி முகத்தில் பொத்திக்கொண்டு ஓவென்று அலறினாள். பன்னிரண்டு நாள் அழுகை. ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சீனிவாசராகவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்கதானேம்மா ஜானகி? இவா ஏன் இப்படி அழறா?"

கழுத்தைக் காட்டினால் போதும், கையெழுத்துப் போட்டால் போதும், வாயால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டி வராது என்றுதான் நான் வந்திருந்தேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் போனால் எல்லாம் போச்சு. எழுந்துபோய் அவள் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கினேன்.

"அழாதக்கா. உம் புருஷன் வீட்டுல நல்லாத்தான் இருக்காரு. செத்தது எம் புருஷன்."

அம்மா தாயே, அவரை விட்டுவிடு, அவரை விட்டுவிடு என்று உள்ளுக்குள் கதறினேன். சின்னத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அழுகை நின்றது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். சரிந்திருந்த பூவை எடுத்துத் தலையில் சரியாகச் செருகிக்கொண்டாள்.

"எம் புள்ள மாதிரி வளத்த கொழுந்தனுங்க," என்றாள் அவரிடம்.

சீனிவாசராகவன் தலையை ஆட்டிவிட்டுப் பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.