திரும்பி வந்த பாட்டில்கள்

மூன்றாவது முறை மணியை அடித்த பிறகுதான் உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். பத்தே கால். அண்ணனிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. அழைப்பு வராதவரை அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

கதவைத் திறந்தவருக்குத் தாடி இப்போது முழுக்க நரைத்திருந்தது. எட்டு வருடங்களுக்கு முன்னால் அவளுடைய அலுவலகத்தில், காலடியில் ஆறு பாட்டில்களோடு உட்கார்ந்திருந்த மனிதர். அவளை அடையாளம் தெரிய அவருக்கு இரண்டு விநாடி ஆனது. தெரிந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"நீங்களா?"

"ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"எங்கிட்டயா?" என்றார் அவர். கோபமாக இல்லை. உண்மையிலேயே ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

அப்பா அன்று காலையில் கண்ணைத் திறந்து தெளிவாகப் பேசியிருந்தார். அதற்கு முன் மூன்று நாளாகப் பேச்சே இல்லை. "இன்னிக்கோ நாளைக்கோ தான். என்ன கேட்டாலும் குடுங்க, எதுக்கும் பத்தியம் பாக்காதீங்க" என்று நர்ஸ் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அப்பா கேட்டது தண்ணீர் இல்லை, பழச்சாறும் இல்லை.

"கரிக்குருவி ஒண்ணு கெடைக்குமா பாரு" என்றார்.

கரிக்குருவி என்பது ஒரு கறுப்பு பீர். ஊருக்கு வெளியே ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரிக் கட்டடத்தில், இரண்டு பெரிய அண்டாக்களை வைத்துக்கொண்டு தாடிக்காரர் காய்ச்சியது. ஒரு காலத்தில் மருந்துக்கடையைத் தவிர எல்லாக் கடையிலும் கிடைத்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுத்தவர்களை மேலே ஏற்றி அனுப்பிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு பாட்டில் வாங்கி வருவார். சமையலறை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் குடிப்பார். இரண்டாவதைத் தொட்டதே இல்லை. "கருகின ரொட்டியோட ஓரம் மாதிரி இருக்கும்" என்பார். கருகின ரொட்டியைக் காசு கொடுத்து வாங்குகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று அம்மா சாகும்வரை கேலி செய்தாள்.

பிறகு ஒரு நாள் அது கடைகளிலிருந்து காணாமல் போனது. அப்பா கடை கடையாக ஏறி இறங்கினார். பஸ் பிடித்துப் போய்க்கூடக் கேட்டார். வெறுங்கையோடு திரும்பி வந்து, "அவ்வளவு நல்ல சரக்க எந்த மடையன் எடுத்தான்னு தெரியல" என்று சாப்பாட்டு மேசையில் பொருமுவார். அந்த மடையன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வட்டாரத்துக் கடைகளில் முக்கால்வாசியை, நூற்று நாற்பதை, வைத்திருந்த ஒரு நிறுவனத்தில், எந்தச் சரக்கு அலமாரியில் இருக்கலாம், எது இருக்க வேண்டாம் என்று முடிவு செய்வது அவள் வேலை; அப்பாவுக்கு அது ஏதோ கணக்கு வேலை என்றுதான் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பட்டியல் வரும். எவ்வளவு விற்றது, எவ்வளவு திரும்பி வந்தது. கரிக்குருவியின் வரியில், விற்ற பத்தில் எட்டு திரும்பி வந்ததாக இருந்தது. வாங்கினவர்கள் பிடிக்காமல் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்குப் பிடித்தது ஊருக்கெல்லாம் பிடிக்க வேண்டுமென்று சட்டமா என்ன. பாசம் வேறு, வேலை வேறு என்று தனக்குத்தானே ஷொட்டும் கொடுத்துக்கொண்டு அந்த வரியை அடித்தாள்.

தாடிக்காரர் நேரில் வந்து முறையிட்டார். "அது காலிப் பாட்டிலா இருக்கும்மா. புதுப் பாட்டில் வாங்க எனக்குக் கட்டுப்படியாகாதுன்னு லேபிள்லயே போட்டிருக்கேன், காலிய கடையில குடுத்திடுங்கன்னு. ஜனங்க கொண்டாந்து குடுக்கிறாங்க."

"காலிப் பாட்டிலுக்கு எங்க கம்ப்யூட்டர்ல தனி இடம் இருக்கு சார். அது இதுல சேராது" என்றாள் அவள், சிரித்த முகத்தோடு.

தனி இடம் இருந்தது உண்மை. கல்லாவில் இருப்பவர்கள் ஒருவர்கூட அதைப் பயன்படுத்தவில்லை. அதற்கு மூன்று பொத்தான் அமுக்க வேண்டும். 'சரக்கு திரும்பியது' என்பதற்கு ஒன்று போதும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது யார் மூன்று பொத்தான் அமுக்குவார்கள்? ஒரு கடைக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து, அப்பா வழக்கம்போலப் பொருமிக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. "இருபது வருஷத்துல நான் ஒரு பாட்டில்கூடத் தூக்கிப் போட்டதில்ல. கழுவித் தொடச்சு, கடையில கொண்டு போய்க் குடுத்திருக்கேன். அந்த மனுஷனுக்கு நாம செய்யிறது அதுதானே?"  மறுநாள் விசாரித்தாள். எல்லாம் தாடிக்காரர் சொன்னபடிதான். யாரெல்லாம் அந்த பீரை உயிராக நினைத்தார்களோ, அவர்கள் பொறுப்பாகத் திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு காலியும் அதன் கழுத்தை நெரித்திருந்தது. அப்பா கழுவிக் கொடுத்ததும் சேர்த்துத்தான். அதற்குள் ஐஸ் ஃபேக்டரி பூட்டிக் கிடந்தது. அவள் பட்டியலைச் சத்தமில்லாமல் சரிசெய்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது வாசலில் நின்று, "கரிக்குருவி ஒரு பாட்டிலாவது இருக்குமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"எங்க அப்பாவுக்கு. கடைசி நேரம். வேற எதுவும் கேக்கல, இதத்தான் கேட்டாரு."

 தாடிக்காரர் உள்ளே போனார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தூசி கழுவின பாட்டிலைத் தன் சட்டையில் துடைத்தபடியே வந்தார். பால் நிலையத்து நீலச் சட்டை. மார்பில் பெயர்ப் பட்டை தைத்திருந்தது.

"மூணு இருக்கு. கொட்டவும் மனசு வரல, குடிக்கவும் மனசு வரல. ஆனா எட்டு வருஷம் ஆச்சு, நல்லா இருக்காது. சொல்லிட்டேன்."

"ஒரு சொட்டு போதும்."

"உங்க அப்பாவுக்கு நெசமாவே இது பிடிக்குமா?"

"உசிரு."

அவர் லேசாகச் சிரித்தார். "பத்துல எட்டுப் பேரு பிடிக்கலன்னு திருப்பிக் குடுத்தாங்கன்னீங்க. மிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரு உங்க அப்பாதான் போல."

பாட்டில் அவள் கையில் இருந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். வீட்டில் அப்பா காத்திருந்தார், காரும் எதிரே நின்றது. அவள் நகரவில்லை.

"யாரும் திருப்பிக் குடுக்கல" என்றாள்.

"என்ன?"

"நீங்க சொன்னதுதான் சரி. அது காலிப் பாட்டில். கல்லாவுல தப்பாப் பதிஞ்சிருக்காங்க. நான் பாக்கல. அப்புறமாத் தெரிஞ்சுது, தெரிஞ்சும் உங்ககிட்ட வந்து சொல்லல. என்ன மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

அவர் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று அவள் நினைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நல்லாத்தான் இருந்துச்சா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நான் என்னென்னமோ செஞ்சு பாத்தேன். தண்ணிய மாத்தினேன். பார்லி வறுக்கிற பதத்த மாத்தினேன். காய்ச்சிக் காய்ச்சி, குடிச்சுப் பாத்து, சாக்கடையில ஊத்தினேன். எங்க தப்புன்னே கண்டுபிடிக்க முடியல." கையை விரித்துக் காட்டினார். "தப்பே இல்லன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவள் போன் அடித்தது. அண்ணன். தாடிக்காரர் கையை மட்டும் அசைத்து, போங்கள் என்று காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"எங்க இருக்க? மூச்சு ஒரு மாதிரி இழுக்குது" என்றான் அண்ணன். டிரைவிங் ஸ்கூலில் பதற்றப்படும் பிள்ளைகளை நாள் முழுக்கச் சமாதானப்படுத்துகிறவன். அவன் குரலே நடுங்கியது.

"வந்துட்டேன்."

வீட்டுக்குப் போகும்வரை பாட்டில் பக்கத்து இருக்கையில் உருண்டுகொண்டே வந்தது. ஒரு சிக்னலில் அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டாள். பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து, அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அப்பாவின் தலையை அண்ணன் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். அவள் மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்ற சத்தம் வரவில்லை. நுரையும் இல்லை. ஒரு டீஸ்பூனில் ஊற்றி உதட்டில் வைத்தாள். அப்பா நாக்கை நீட்டி வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தார். பிறகு முகம் அஷ்டகோணலானது.

"கெட்டுப்போச்சு" என்றார்.

அண்ணன் சிரித்துவிட்டான். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், அது இருமலாக மாறியது. இருமல் அடங்கியதும், "எங்க புடிச்ச?" என்றார்.

"காய்ச்சினவரு வீட்டுலப்பா."

"அந்த ஆளு இருக்கானா? என்ன பண்றான்?"

"பால் நிலையத்துல வேல பாக்குறாரு."

"பாலா?" அதை ஜீரணிக்க அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "நல்ல கைக்காரன். ஏன் விட்டான்னு கேட்டியா?"

அவள் ஸ்பூனைத் துடைத்தாள். தாடிக்காரரிடம் சொன்னதை இவரிடமும் சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் அவள் பாரம் இறங்கும். ஆனால் அப்பா இருபது வருடம் கழுவின பாட்டில்களையெல்லாம் இந்த மிச்ச நேரத்தில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு கிடப்பார். அவளுக்கு அவரைத் தெரியும்.

"கேக்கலப்பா" என்றாள்.

"போறப்ப, ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. நாம யாரும் போய்ச் சொல்லவே இல்ல பாரு. குடிச்சோம், பாட்டிலக் குடுத்தோம், வந்தோம்."

"சொல்றேன்."

"இன்னிக்கு வேலைக்குப் போகலையா நீ?"

"லீவுப்பா."

"திட்டப் போறாங்க" என்றார் அப்பா. அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை. மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு, அண்ணன் ஜன்னல் திரையைச் சரிசெய்யத் திரும்பியபோது, மூச்சு நின்றது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். உடம்பு இவ்வளவு சூடாக இருக்கும்போது ஒருவர் எப்படி இல்லாமல் போக முடியும் என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். லிஃப்ட் கம்பெனியிலிருந்து அப்பாவின் பழைய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். "ஊரையே மேல ஏத்திவிட்டாரு, இன்னிக்கு அவரு முறை" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அவர் முழங்கையை இடித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் எதற்கோ திரும்பியபோது, கடைசி வரிசையில் தாடிக்காரர் இருந்தார். இரவு வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். அதே நீலச் சட்டை. காலைச் செய்தித்தாளில் அண்ணன் கொடுத்த சின்ன விளம்பரத்தில் அவள் பெயரைப் பார்த்திருப்பார் போல.

அவள் எழுந்து பின்னால் போய் அவர் முன்னால் நின்றாள்.

"குடிச்சாரா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு ஸ்பூன்."

"என்ன சொன்னாரு?"

அவர் முகம் காத்துக்கொண்டிருந்தது. நல்லதாக ஒன்று சொல்வது சுலபம். ஆனால் இந்த மனிதரிடம் ஏற்கெனவே ஒருமுறை சிரித்த முகத்தோடு தவறாகச் சொல்லியாகிவிட்டது.

"கெட்டுப்போச்சுன்னாரு."

தாடிக்காரர் தலையை ஆட்டினார். "நாக்கு கடைசிவரைக்கும் சரியா இருந்திருக்கு."

"முன்னாடி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. இத்தன வருஷமா வந்து சொல்லாம விட்டுட்டோமேன்னு வருத்தப்பட்டாரு."

 முன்னால், அப்பாவைக் கிடத்தியிருந்த பக்கம் அவர் பார்த்தபடி இருந்தார். தாடி மட்டும் ஒருமுறை அசைந்தது. முன்வரிசையிலிருந்து அண்ணன் திரும்பி, காலியாக இருந்த அவள் நாற்காலியைக் காட்டிக் கையசைத்தான். ஆரம்பிக்கப் போகிறார்கள்.

தாடிக்காரர் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த மழைக்கோட்டை எடுத்து மடித்து, தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். அவள் அங்கேயே உட்கார்ந்தாள்.