மூன்றாவது மூலை முனி

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் கேட்பார்கள். அதனால் நானும் எதையும் இரட்டிப்பாகச் சொல்லிப் பழகிவிட்டேன். திருச்செல்வம் வீட்டுப் பின்னால் நிற்கிற ரேடியோ டவர் நூற்றிருபது அடி என்று குவாலா சிலாங்கூர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அது அறுபது அடிதான். கேட்கிறவர்கள் கணக்குச் சரியாகவே இருந்து வந்திருக்கிறது.

திருச்செல்வம் செம்பனை எண்ணெய் ஆலையில் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறவன். ஐம்பத்திரண்டு வயது. ரேடியோ லைசென்ஸ் எடுத்து, வீட்டில் உட்கார்ந்தபடி ஊர் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு அவனுக்கு. நான் தோட்டத்து லோரி ஓட்டி ரிட்டையரான ஆள். அவனைப் பார்த்து நானும் பரீட்சை எழுதினேன். இரண்டாவது தடவையில் பாஸ். முதல் தடவை என்று வெளியே சொல்லியிருக்கிறேன். ஒருநாள் மத்தியானம் அவன் செட்டில் ஒரு ஜப்பான்காரனோடு பேசிக்கொண்டிருந்தேன். அங்கே அவன் சம்சாரம் மீன் பொரித்த வாசம் இங்கே வந்தது. சிக்னல் அவ்வளவு சுத்தம். செல்வம் நம்பவில்லை. அவனுக்கு அன்றைக்கு ஜலதோஷம்.

டவர் வேலையில் அவன் மேலே ஏறுவான், நான் கீழே நிற்பேன். கீழே நிற்கிறவன் வேலை சும்மா நிற்பதில்லை. அப்படிப்பட்ட டவர் தன் காலில் நிற்காது. மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். ஒவ்வொரு கம்பியும் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ஓர் இரும்பு ராடில் வந்து முடியும். ராடின் அடி மூன்றடி ஆழத்தில் சிமெண்டுக் கட்டிக்குள் இருக்கும். மூன்றில் ஒன்று விட்டாலும் டவர் எதிர்ப் பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் மண்ணோ கடலோரக் களிமண், உப்பு மண். ராடு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், துரு தின்பது உள்ளே. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, யாரும் ஏறுவதற்கு முன்னால், மூன்று ராடையும் சுற்றித் தோண்டிப் பார்க்க வேண்டும். அது என் வேலை.

மூன்றாவது ராடைத்தான் நான் ஐந்து வருஷமாகத் தோண்டவில்லை. ஏனென்றால் அது சாமியாகிவிட்டது. ஆக்கினவன் நான்.

டவர் நட்ட புதிதில், பின்சந்துப் பிள்ளைகள் சாயங்காலமானால் அந்தக் கம்பியைப் பிடித்து ஊஞ்சலாடும். அதட்டினால் சிரிக்கும். ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து சொன்னேன். இந்தக் குழி தோண்டும்போது கடப்பாறை ஓரிடத்தில் இறங்கவில்லை. ஓங்கிக் குத்தினேன். கீழேயிருந்து ஒரு குரல், "யாருடா அது, மனுசன் கொஞ்ச நேரம் கண்ணு மூட வேணாமா" என்று கேட்டது. சுருட்டு வாசமும் வந்தது. அதனால் ராடை அவர் தலைமாட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நட்டோம் என்றேன். முனி என்ற பேரை நான் சொல்லவே இல்லை. அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

ஊஞ்சல் நின்றது. ஒரு மாசத்தில் கம்பியில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. அப்புறம் ஒரு சிவப்புத் துணி, அப்புறம் ஒரு சூலம். பின்வீட்டுக் கங்காதான் தினமும் விளக்கு வைத்தாள். அவள் கம்போங் குவாந்தானில் ராத்திரி ஆற்றில் மின்மினிப்பூச்சி பார்க்கப் போகிற படகுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலை, சாயங்காலம் போய் ராத்திரி திரும்புகிறவள். பகலெல்லாம் படுக்கையில் கிடக்கிற மாமியாரைப் பார்க்க வேண்டும். ஆறு வருஷமாக அதே படுக்கை. அவள்தான் ஆள் வைத்து ராடைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டு மேடை கட்டினாள். அதற்கு டைல்ஸை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். பாத்ரூம் டைல்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு டால்பின் படம். முனி ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் ராடுக்கு மஞ்சள் தண்ணீர், இளநீர், எலுமிச்சைச் சாறு. அதற்கு முன்னால் புளியும் உப்பும் போட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்ப்பாள். ராடு மின்னும். துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் பூசியிருந்த துத்தநாகம்தான் அப்படித் தேய்ந்து போகிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்தேன். சொன்னால் மேடையை உடைக்க வேண்டும். உடைத்தால் ஏன் என்று கேட்பாள். இது சாமி இல்லை, பிள்ளைகளை விரட்ட நான் விட்ட கதை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? இன்னொரு வருஷம் தாங்கும் என்று விட்டேன். தாங்கவும் தாங்கியது.

போன மாசப் புயல்காற்றில் டவர் உச்சியிலுள்ள ஏரியல் திரும்பிக்கொண்டது. அதைத் திருப்புகிற மோட்டாரும் மாட்டிக்கொண்டது. சனிக்கிழமை ஏறப்போகிறேன், மூன்றையும் தோண்டிப் பார்த்துவிடுங்கள் என்றான் செல்வம். இரண்டைத் தோண்டினேன். கைவிரல் தடிமன், குறைவே இல்லை. மூன்றாவதுக்குப் போனபோது கங்கா கண்ணை மூடி நின்றிருந்தாள். மேடையின் அடிவெடிப்பிலிருந்து பழுப்பாக ஒரு தண்ணீர் வழிந்து காய்ந்த தடம் தெரிந்தது. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. செல்வம் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டான், மூணும் பார்த்தாச்சா என்று. பார்த்தாச்சு என்றேன். என் வாயில் பொய் வருவது புதிதில்லை. ஆனால் இந்த மாதிரி ஒரே சொல்லில் நான் பொய் சொன்னதே இல்லை. யானை, பேய், ஜப்பான்காரன் ஏதாவது கூட இருக்கும்.

அவன் ஏறினான். நான் அவனைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்தாவது அடியில் பெல்ட்டைக் கொக்கி போட்டுக்கொண்டு, துருப்பிடித்த ஒரு போல்ட்டை ஸ்பேனரால் இழுத்தான். டவர் லேசாக அசைந்தது. கம்பி விறைத்தது. மேடையில் இருந்த வெடிப்பு ஒரு நூல் அளவு திறந்து மூடியது. அவன் மறுபடி இழுத்தான். மறுபடி திறந்தது. டால்பின் ஒன்று இரண்டாகப் பிரிந்து சேர்ந்தது.

வாக்கி டாக்கியை எடுத்தேன், அதன் ஜோடி செல்வம் தோளில் இருந்தது. பட்டனை அழுத்தினேன்.

"செல்வம், கைய எடு. அசையாத."

"என்னண்ணே, பாம்பா?"

"மூணாவது ராடு போயிருச்சு. மேடை பொளந்து பொளந்து மூடுது."

மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கீழே நிற்கிறவனுக்குப் பொழுது போகவில்லையா, நல்ல நேரம் பார்த்தீங்க அண்ணே என்றான். ஸ்பேனரை மறுபடி போல்ட்டில் வைத்தான். நான் பயந்த பயத்தை அவன் நம்பாததற்கு அவன் பேரில் குற்றமில்லை. போன தடவை ஏறினபோதுதான் கீழே புலி வந்திருக்கிறது என்று சொல்லி அவனை அரைமணி நேரம் மேலே உட்கார வைத்தேன்.

ஆகவே எல்லாவற்றையும் சொன்னேன். சாமியே இல்லை, நான் விட்ட கதை என்றேன். புளியும் உப்பும் என்றேன். அஞ்சு வருஷமாகத் தோண்டவில்லை, இந்த வாரமும் தோண்டவில்லை, காலையில் கேட்டபோது பொய் சொன்னேன் என்றேன். அந்த அலைவரிசையில் சனிக்கிழமை காலையில் சபாக்கிலிருந்து உலு யாம் வரைக்கும் ஆள் இருப்பார்கள் என்பது பேசி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சபாக்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஜெய்னுலாப்தீன் பாய், யாரும் குறுக்கே பேசாதீங்க லா, செல்வம் இறங்குற வரைக்கும் லைனை விடுங்க என்றார்.

செல்வம் இரண்டு கையாலும் டவரைக் கட்டிக்கொண்டிருந்தது கீழேயிருந்து தெரிந்தது.

"தோண்டவே இல்லையா?"

"இல்ல."

அதற்கப்புறம் அவன் குரல் ஆலையில் வேலை சொல்கிற குரலாக மாறியது. பிக்கப்பை மேடைக்குப் பின்னால் கொண்டுவா, கியரில் போட்டு நிறுத்து, சக்கரத்துக்குக் கல் வை. பாரம் இழுக்கிற சங்கிலிக் கப்பியை, அந்தச் செயின் ப்ளோக்கை, வண்டிக் கொக்கியில் மாட்டு, கம்பியைக் கவ்வுகிற இரும்புத் தாடையை ராடுக்கு இரண்டடி மேலே போடு, மெதுவாக இறுக்கு. சாமியைத் தொடாதே. சாமி என்றுதான் சொன்னான்.

வண்டியை நிறுத்தினேன். கல் வைத்தேன். தாடையைப் போட்டேன். இழுக்கும்போது சங்கிலி இரண்டு தடவை நழுவியது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்து சங்கிலியை வாங்கியது. கங்கா. வேலி ஓரத்தில் நின்று எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. எத்தனை இழுப்பு என்று மட்டும் கேட்டாள். கம்பி விறைக்கிற வரைக்கும், அதற்கு மேலே ஒன்றுகூட வேண்டாம் என்றேன். ஒவ்வொரு கண்ணியாக, எண்ணி எண்ணி இழுத்தாள். ராடு பக்கம் இருந்த கம்பி தொய்ந்தது. பாரம் வண்டிக்கு வந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு விரல் உயர்ந்து நின்றது.

செல்வம் இறங்கினான். ஒரு கால் வைப்பான், நிற்பான், கேட்பான், அடுத்த கால் வைப்பான். பதினோரு நிமிஷம். அதை நான் இரண்டால் பெருக்கவில்லை.

கீழே வந்து பெல்ட்டைக் கழற்றாமலே புல்லில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. கங்கா உள்ளே போய் ஒரு தாம்பாளம் கொண்டுவந்து விளக்கு, சூலம், துணி, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் அதில் எடுத்து வைத்தாள். அப்புறம் கடப்பாறையை எடுத்து அவளே டைல்ஸை உடைத்தாள். நான் கிட்டப் போனேன், தள்ளி நிற்கச் சொன்னாள். சிமெண்டை நீக்கி ஒரு முழம் மண் எடுத்ததும் ராடு தெரிந்தது. மேலே குத்துவிளக்கு மாதிரி மின்னியது, கீழே போகப் போக மெலிந்து சாத்தே இறைச்சி குத்துகிற குச்சி அளவுக்கு வந்திருந்தது. மண்வெட்டி முனை பட்டதும் முறிந்தது. சத்தம்கூட இல்லை.

கங்காவிடம்தான் முதலில் பேச முடிந்தது எனக்கு. நீ கும்பிட்டுக்கிட்டு இருக்கிற இடம், எப்படிம்மா உடைக்கச் சொல்றது என்றேன்.

"மாமா, நீங்க சொன்னத நான் எந்தக் காலத்துல நம்பினேன்? எனக்கு வீட்டவிட்டு வந்து நிக்க ஒரு பத்து நிமிசம் வேணும். விளக்கு வைக்கிறேன்னா யாரும் கூப்பிட மாட்டாங்க. இந்த இரும்புக்கு உப்பு ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வெறும் தண்ணிய ஊத்திட்டுப் போயிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, அத்தைக்கு மருந்து நேரம் என்று உள்ளே போனாள்.

வாக்கி டாக்கியில் ஜெய்னுலாப்தீன் பாய் இறங்கியாச்சா என்று கேட்டார். செல்வம் எடுத்து, இறங்கியாச்சு பாய் என்றான். அதை அணைத்துப் புல்லில் வைத்தான். நான் அவனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"மத்த ரெண்டையாவது தோண்டினீங்களா அண்ணே?"

"தோண்டினேன். சத்தியமா. கைவிரல் தடிமன் இருக்கு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டாவது மூலைக்கு நடந்தான். அங்கே மண் இளகித்தான் கிடந்தது. நான் வியாழக்கிழமை தோண்டி மூடின மண், என் செருப்புத் தடம்கூட மேலே இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மண்வெட்டியை ஓங்கி, அடி வரைக்கும் தோண்ட ஆரம்பித்தான்.