ஜன்னல் ஈயம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஐந்து நாட்கள் இருந்தன. எத்தாளையில் முஸம்மிலின் வாப்பா கட்டிய பழைய வீட்டின் ஜன்னல்களைப் பெயின்ட் அடிக்கும் மேஸ்திரி ஃபஸ்லான் பாஸ் இரண்டாவது நாளாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். மேலே பச்சை, அதன் கீழ் நீலம், அதற்கும் கீழே வள்ளத்துக்கு அடிக்கும் செம்மஞ்சள். சாண்ட் பேப்பரில் கிளம்பிய தூசியைக் கச்சான் காற்று வீட்டுக்குள் கொண்டுவந்தது. முஸம்மிலின் பத்து மாத மகள் நஃபீஸா அந்தத் தரையில் தவழ்ந்து விரல்களைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

தாய் றுஷ்னா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "பாஸ், பழைய பெயின்டுல ஈயம் இருக்காமே. புள்ளையள்ட மூளைக்குக் கூடாதாம். கிளினிக்ல சொன்னாங்க."

ஃபஸ்லான் சிரித்தார். "ஈயமா ராத்தா? பள்ளிக் கந்தூரிக் கிடாரத்துக்கு என்ன பூசுறாங்க? ஈயம்தானே. அதுல ஆக்கின சோத்தத் தின்டுதான் ஊரே வளந்திருக்கு."

"அதுதான் ஊர்ல ஒருத்தருக்கும் மூளை இல்ல," என்றார் கதிரையில் உட்கார்ந்திருந்த றுஷ்னாவின் மாமியார் றஹ்மத் உம்மா. முஸம்மிலும் சேர்ந்து சிரித்தான்.

றுஷ்னா சிரிக்கவில்லை. பல வீடுகளில் சொல்லிப் பழகிய பதில் போல அது அவ்வளவு லேசாக வந்தது. அன்று முழுவதும் அவள் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

மாலை அஸர் தொழுகை நேரத்துக்கு வேலை நின்றது. ஃபஸ்லான் கிணற்றடியில் முழங்கை வரை இரண்டு தரம் சோப் போட்டுக் கழுவினார். தலையையும் கழுவினார். சட்டையைக் கழற்றிச் சுருட்டி, பொலித்தீன் பையில் போட்டு இறுக்கி முடிச்சிட்டார். வேறு சட்டை போட்ட பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார்.

"அந்தச் சேட்ட ஏன் பாஸ் கட்டுறீங்க?"

"ஊத்தை ராத்தா."

"வீட்டுல சின்னப் புள்ள இருக்கா?"

அவர் பையின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார். றுஷ்னா மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ரெண்டு வயசு," என்றார் கடைசியில். "கிடாரத்துக்குப் பூசுறது வெள்ளீயம். இது காரீயம், வேற சாமான். தண்ணி போட்டுத்தான் தேய்க்கணும். உள்ளுக்குப் பொலித்தீன் கட்டணும். புள்ளையள் வீட்டுல இருக்கப்படாது. அப்பிடிச் செஞ்சா எட்டு நாள் பிடிக்கும். முஸம்மில் நானா பெருநாளைக்கு முதல் முடிக்கச் சொன்னார்."

"இதெல்லாம் அவருக்குச் சொன்னீங்களா?"

"முதல் நாளே சொன்னேன்."

றுஷ்னா உள்ளே போனாள். முஸம்மில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முன்னால் வந்து நின்ற விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நீ பயப்படுவ எண்டுதான் சொல்லல்ல," என்றான். "நாலு நாள் தூசிதானே."

அவள் நஃபீஸாவின் கைகளையும் வாயையும் கழுவி உடுப்பை மாற்றினாள். "இப்பவே கனமூலைக்கு, உம்மா வீட்டுக்குப் போறன். காலையில புத்தளம் ஆஸ்பத்திரியில புள்ளைக்கு ரத்தம் பாக்கணும்."

"பெருநாளைக்கு ஆக்கள் வருவாங்களே?"

"வரட்டும். ஜன்னலத் தண்ணி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. வீட்ட ஈரத் துணியால துடைங்க."

"முடிஞ்ச உடனே சொல்றன். வந்துடு."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"முடிஞ்சிட்டா எண்டு பாஸுக்கிட்டக் கேக்குறன்," என்றாள். "உங்கக்கிட்ட இல்ல."