கிளுவை வேலியில் ஒரு சந்து

எட்டு வருஷமாகக் கத்தி படாத வேலி. கிளுவை இரண்டாள் உயரத்துக்கு வளர்ந்து, அதன்மேல் கோவைக்கொடி ஏறி, கோவையின்மேல் பிரண்டை ஏறி, அதற்கு மேல் ஏற இடமில்லாத உன்னிச்செடி பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு நின்றது. பச்சியப்பன் அதற்குள் அரை உடம்பை நுழைத்து, இடது கையால் கிளைகளை வளைத்துப் பிடித்து, வலது கையால் அரிவாளை ஓட்டிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது லுங்கியும் இரண்டு கால்களும்தான்.

"யோவ், நீ வேலிய வெட்டறியா, வேலி உன்ன முழுங்குதா?" என்றார் மேஸ்திரி வீரமணி, மாமரத்து நிழலில் உட்கார்ந்தபடி.

"ரெண்டு பேருக்கும் பந்தயம் மேஸ்திரி. இப்போதைக்கு வேலிதான் முன்னால இருக்குது."

அன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். அந்த வடக்குக் கடைசி மூலையைத் தவிர, மாரண்டஹள்ளி ரோட்டோரமாக நீண்டு கிடந்த வேலி முழுவதும் தலை மட்டமாகி, பக்கம் மட்டமாகி, சோப்புக் கட்டி போல நின்றது. சோப்புக் கட்டி என்பது தோப்புக்காரர் மாதவராஜ் சொன்ன வார்த்தை. ஓசூரில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிற அவர், அப்பா செத்து எட்டு வருஷம் திரும்பிப் பார்க்காத மாந்தோப்புக்குள் இப்போது வீடு கட்டியிருந்தார். ரோட்டில் போகிறவன் தலை உள்ளே தெரியக் கூடாது, உள்ளே இருக்கிறவன் தலை வெளியே தெரியக் கூடாது, அந்த உயரத்துக்கு வேலி வேண்டும் என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார். பச்சியப்பன் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். "செஞ்சிரலாங்க" என்று மட்டும் சொன்னான்.

செய்தும்விட்டான். மேலே வெட்டினால் மட்டும் வேலி ஆகாது, அடி வெறிச்சென்று நிற்கும். நீளக் கொம்புகளை முக்கால்வாசி வெட்டி, உடையாமல் சாய்த்து, பக்கத்துக் கொம்புக்குள் பின்னிவிட்டான். ஓட்டை விழுந்த இடத்தில் கிளையை வெட்டிப் புதுப் போத்தாக நட்டான். கோழிக்குஞ்சு நுழையாது. கையில் முள் ஏறாத இடம் இல்லை. "என் கைரேகைய இனிமே எந்த ரேஷன் மெஷினும் எடுக்காது" என்று தினமும் சாயங்காலம் பெண்டாட்டி குள்ளம்மாளிடம் சொல்லிச் சிரித்தான்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது.

வேலியின் நடுவில், பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே, இரண்டடி அகலத்தில் ஒரு சந்து. தோப்புக்கு மேற்கே வறண்ட ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. காலனியிலிருந்து ஓடையில் இறங்கி, தோப்பில் நடந்து, சந்தில் நுழைந்தால் ரோடு. பால் ஊற்றுகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், டவுன் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் என்று நடந்து நடந்து அந்த இடத்து மண் கடப்பாக்கல் போல வழுவழுப்பாக இருந்தது. குள்ளம்மாளும் அதில்தான் போய்வந்தாள். பதினாலு வருஷமாக அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெருக்குவதும் கக்கூஸ் கழுவுவதுமாக இருக்கிறாள். ஐந்து வருஷத்துக்கு முன் புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்ததில் இடது இடுப்பு நகர்ந்து, ஒரு கால் இன்னொரு காலை இழுத்துக்கொண்டு வரும். தோப்பு வழியாக என்றால் அவள் நடைக்குக் கால் மணி. ஏரிக்கரையைச் சுற்றினால் மூன்று கிலோமீட்டர். எட்டரைக்குள் கழுவி முடிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு நாள் தாமதமாகி, "இன்னொரு தடவை லேட்டானா எதிர்வீட்டுப் பொண்ண வெச்சிக்குவேன்" என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார்.

சந்தை அடைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பச்சியப்பன் அதை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போனான். சாப்பாட்டில் பிடிக்காத காயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போகிற பிள்ளை மாதிரி. கடைசியில் தட்டில் அது மட்டும்தான் மிச்சமிருந்தது.

"மூலைய முடிச்சிட்டியா? சந்துக்கு வா" என்றார் வீரமணி.

"ஓசூரு சின்னவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறேங்க."

"கேளு. கம்பத்துல கேளு. உள்ள இருந்து பதில் வரும்."

சந்துக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பத்தில் கேமரா இருந்தது. அது பார்க்கும், திரும்பும், ஓசூரிலிருந்து மாதவராஜின் குரலில் பேசவும் செய்யும். எதிரே போய் நின்றதும் பச்சியப்பனின் தோளில் இருந்த துண்டு தானாகக் கைக்கு வந்துவிட்டது. கம்பத்துக்கு மரியாதை செய்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று அவனுக்கே சிரிப்பு வந்தது.

"சாமி..."

சற்று நேரம் கழித்துக் கம்பம் கரகரத்தது. "சாமி எல்லாம் வேணாம் பச்சியப்பன். சார்னு கூப்பிடுங்கன்னு சொன்னேன்ல?"

"சரிங்க சாமி. சார். அந்த சந்துங்க..."

"ஆமா, இன்னைக்கு முடிச்சிடுங்க."

"எங்க வூட்டுல அதுலதாங்க பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போயி வருது. காலு சரியில்லீங்க. ஒரு படல் கட்டி வெச்சிட்டா, போவறப்ப தெறந்து, வர்றப்ப சாத்திக்கும்..."

"புரியுது. உங்க வூட்டம்மா ஒருத்தருக்குன்னா நானே இரும்பு கேட் போட்டுக் குடுப்பேன். ஒருத்தருக்கு வுட்டா உங்க காலனி மொத்தமும் வரும். அடுத்த வாரம் ஃபேமிலியோட வந்து தங்கறோம். இதுல பாத்தா நாள் பூரா ஆளுங்க நடந்துகிட்டே இருக்கறாங்க. தப்பா நினைச்சிக்காதீங்க."

"இல்லீங்க சார்."

"ஏரிக்கரை ரோடு சூப்பரா போட்டிருக்கான்ல?"

"சூப்பரா போட்டிருக்கறாங்க சார்."

கம்பம் அடங்கியது. பச்சியப்பன் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டான்.

"மனசில்லைன்னா சொல்லிடு" என்றார் வீரமணி. கெட்ட குரலில் சொல்லவில்லை. "பாலக்கோட்டுல இருந்து ரெண்டு பேர இறக்கிக்கறேன்."

பச்சியப்பன் வேலையில்லாமல் இரண்டு மாசம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தான். தக்காளி விலை விழுந்து, பழம் பறிக்கவே ஆள் கூப்பிடாமல் காட்டோடு அழுகவிட்டிருந்தார்கள். ஆனால் அவன் யோசித்தது அதை அல்ல. பாலக்கோட்டுக்காரன் வந்தால் ஒழுங்காக நட்டுத் தொலைப்பான். கெட்ட வேலையை நாமே கெட்டதாகச் செய்துவிட்டால்?

வெட்டிப் போட்ட கிளுவையில் கை தடிமனுக்கு ஆறு போத்து எடுத்தான். போத்தின் தடித்த அடியைச் சீவி மண்ணுக்குள் இறக்குவதுதான் முறை. அவன் மெலிந்த நுனியைச் சீவினான். சுற்றிப் பார்த்துவிட்டு, கடப்பாரையால் குழி போட்டு, ஆறையும் தலைகீழாக நட்டான். மழை வரும், மற்றதெல்லாம் துளிர்க்கும், இந்த ஆறும் காய்ந்து விறகாகும். வாழ்க்கையில் வேண்டுமென்றே செய்த முதல் மோசடி. அதையும் கயிறு கட்டி, நேர்க்கோடு பார்த்துத்தான் செய்தான். கோணலாக நடக் கை வரவில்லை.

இடைவெளிக்குள் இலந்தை முள்ளை வைத்து அடைத்தான். ஒரு ஓரத்தை மட்டும் கட்டாமல், தூக்கினால் தூக்கும்படி விட்டான். மூன்றரைக்கு வீரமணி மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். அஞ்சு மணிக்கு வந்து பார்த்துக் கூலி தருவதாகச் சொன்னார்.

நாலரைக்கு ரோட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்று மிதிக்கும், ஒன்று தேயும். அதோடு தூக்குப்போசியின் மூடி கிண்கிண்ணென்று ஆடும். சத்தம் முள்ளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"யோவ்."

"வந்துட்டியா புள்ள? இரு இரு, கதவு தெறக்கறேன். நம்ம வூட்டுக்கே கதவு ஓட்ட. உனக்கு இங்க புதுசா ஒண்ணு வெச்சிருக்கறேன் பாரு."

அவள் சிரிக்கவில்லை. முள்ளின் இடுக்கில் அவள் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

"எத்தினி நாளா தெரியும்?"

"எது?"

"இதுதான்."

அவன் அரிவாளில் ஒட்டியிருந்த கிளுவைப் பாலை லுங்கியில் துடைத்தான். "மொத நாளே."

"பன்னெண்டு நாளு. பக்கத்துல படுத்துக்கிட்டு, கைரேக கதையெல்லாம் சொல்லிக்கிட்டு, பன்னெண்டு நாளு."

"கேளு புள்ள, மெதுவாப் பேசு" என்று முள்ளில் வாயை வைத்தான். "ஆறையும் தலகீழா நட்டுட்டேன். ஒண்ணும் துளுக்காது. கார்த்திகைக்குள்ள காஞ்சிரும். அப்பறம் எவன் கேக்கறான்? அது வரைக்கும் இந்த ஓரத்த தூக்கிட்டு நீ பாட்டுக்கு வா, போ."

குள்ளம்மாள் குனிந்து போத்துகளைப் பார்த்தாள்.

"எங்கம்மா வூட்டுல ஆடு தின்னுட்டுப் போட்ட குச்சி, படுத்த வாக்குலயே வாசல்ல தழஞ்சி நின்னுச்சு. கிளுவைக்குத் தலையேது, காலேது? நீ வேலிக்காரன், உனக்குத் தெரியாதா?"

பச்சியப்பன் போத்தின் அடி மண்ணைக் காலால் மிதித்துவிட்டான்.

"தெரியும்" என்றான்.

பிறகு முள்ளின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தான். குள்ளம்மாள் போசியை அந்தப் பக்கமே வைத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பி, வராத காலை முதலில் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். அவன் தோளைப் பிடித்தாள். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே.

"பச்சியப்பன்." கம்பம் கரகரத்தது. "யாரு அது?"

"எங்க வூட்டுலங்க சார்."

"அம்மா, வணக்கம். கோச்சிக்காதீங்க. ரோட்டு வழியா போயிடுங்க. இன்னைக்கு வுட்டா நாளைக்கு எப்படி வேணாம்னு சொல்றது? பச்சியப்பன், அந்த முள்ள இப்பவே கம்பி போட்டு இறுக்கிடுங்க. நான் பாத்துட்டே இருக்கேன்."

குள்ளம்மாள் கம்பத்தைப் பார்த்தாள். எந்த இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று தெரியாதவள் போலக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். பிறகு அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே வைத்த காலை மறுபடி கையால் தூக்கி வெளியே வைத்தாள். உள்ளே வந்ததைவிடத் திரும்பிப் போக அந்தக் காலுக்கு அதிக நேரம் பிடித்தது. முள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவன்தான் விடுவித்தான்.

கட்டுக்கம்பியை எடுத்தான். முள் கனமாக இருந்தது. கம்பியை இந்தப் பக்கமிருந்து ஓட்டி, போத்தைச் சுற்றி, அந்தப் பக்கமிருந்து திரும்ப வாங்க வேண்டும். அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்தால்தான் நடக்கும். இல்லாவிட்டால் முன்கேட் வரை போய்ச் சுற்றி வர வேண்டும், ஒவ்வொரு கட்டுக்கும். கம்பி முனை முள்ளுக்குள் போய் எங்கோ தட்டி நின்றது. அவன் இழுத்தான், மறுபடி விட்டான். மறுபடி தட்டியது.

"குடு" என்றது அந்தப் பக்கம்.

"வேணாம் புள்ள. நீ போ."

"அஞ்சு மணிக்கு மேஸ்திரி வருவாரு. நீ இப்படிக் குத்திக்கிட்டு நின்னா எப்ப முடிப்ப? குடு."

அவளுடைய விரல்கள் முள்ளுக்குள் வந்து கம்பி முனையைப் பிடித்தன. போத்தைச் சுற்றித் திரும்ப நீட்டின. அவன் வாங்கிக் குறட்டால் முறுக்கினான்.

"இழு. லூசா இருக்குது."

"போதும்."

"போதாது. ஆடு முட்டினா வந்துரும். அப்பறம் உன்னத்தான் சொல்லுவாங்க. இழு."

இழுத்தான். மேலே ஒரு கட்டு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. மூன்றாவது கட்டுக்கு அவள் உட்கார வேண்டியிருந்தது. உட்காரும்போது ஒரு சத்தம் வந்தது, எழுந்திருக்கும்போது இன்னொன்று. மூன்றுக்கும் அவள் கம்பியை வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் ஒரு விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டாள்.

"முள்ளா?"

"கம்பி."

இப்போது அவள் முகம் துண்டுகளாகக்கூடத் தெரியவில்லை.

"இன்னிக்கு நடந்து பாக்கறேன்" என்றாள். "எத்தினி மணிக்கு வூடு வருதுன்னு பாத்துக்கிட்டு, நாளைக்குப் பள்ளிக்கூடத்து சாவிய எடுத்துக்கிட்டு வேலைக்குப் போவறதா, டீச்சர் கையில குடுத்துட்டு வர்றதான்னு சொல்றேன்."

"நானும் கூட வர்றேன். முன்கேட்டு வழியா வந்துடறேன்."

"கூலி வாங்காம வராத."

போசியை எடுக்கும் சத்தம் கேட்டது. மூடி கிண்கிண் என்றது. ஒரு செருப்பு மிதித்தது, ஒன்று தேய்ந்தது. தெற்கே, ஏரிக்கரைப் பக்கம்.

பச்சியப்பன் நின்றான். கேமரா அவன் பக்கம் திரும்பியது. அவன் குனிந்து பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு, வேலியோரமாகத் தெற்கே நடந்தான். நேற்றே வெட்டி முடித்த வேலி. ஓர் இலை துருத்திக்கொண்டிருக்கவில்லை. கத்தரியை மட்டத்துக்கு வைத்து வெட்டினான். ஒன்றும் விழவில்லை. ஓர் அடி நகர்ந்து மறுபடி வெட்டினான். அந்தப் பக்கத்துச் செருப்பு எவ்வளவு மெதுவாகப் போனதோ, அவ்வளவு மெதுவாக இந்தப் பக்கம் கத்தரி போனது. ஓரிடத்தில் அவள் நின்றாள். மூச்சு வாங்குவது கேட்டது. அவன் இலைகளை விலக்கிப் பார்த்தான். விரல் நுழைய இடமில்லை. அவனே பின்னியது.

"குள்ளம்மா" என்றான்.

"ம்."

"ஒண்ணுமில்ல."

செருப்பு மறுபடி கிளம்பியது. கத்தரியும் கிளம்பியது.

"பச்சியப்பன், வேலி அட்டகாசமா இருக்கு" என்றது தூரத்துக் கம்பம். "இந்த நேரத்துலயும் நின்னு பாத்துப் பாத்து வெட்டறீங்க பாருங்க."

மூலை வந்ததும் வேலி மேற்கே ஓடைப் பக்கம் மடங்கியது. போசிச் சத்தம் மடங்காமல் நேராக ஏரிக்கரையில் ஏறியது. பச்சியப்பன் மூலையில் நின்று, விழ ஓர் இலையும் இல்லாத வேலியின்மேல் கத்தரியை விரித்து மூடினான். விரித்து மூடினான். அந்தச் சத்தம் கரைவரைக்கும் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் பலமாகவே மூடினான்.